வீட்டில் ஆன்லைன் கேம் செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: லேக் முதல் லாகின் திருட்டு வரை

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று எங்கே பார்த்தாலும் நிலைமை ஒன்றுதான். வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதில்தான் கேமும் உருவாகிறது, கடைக் கணக்கும் டாலியில் ஏறுகிறது, பேங்க் வேலையும் நடக்கிறது. கேமுக்கு ஆள் சேர்க்கத் திறந்துவிடும் வாசல் வழியாகவே வேண்டாத ஆளும் நுழைவான் என்பதால், கேம் கோளாறுகளையும் வீட்டுப் பாதுகாப்பையும் இங்கே சேர்த்தே சொல்லியிருக்கிறோம். எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சோதித்துப் பார்க்க வீட்டு மெஷின் போதும், வெளியாள் வந்து விளையாடும் சர்வர் வீட்டில் வேண்டாம்.

கே: ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டு போட்டாச்சு. என் மெஷின்ல கேம் நல்லா ஓடுது. மதுரையில இருக்கிற ஃப்ரெண்டால சேரவே முடியல. எங்க கோளாறு?

போர்ட் ஃபார்வர்டு என்பது வெளியிலிருந்து கேமுக்கு வருவதை உங்கள் மெஷினுக்குத் திருப்பிவிடும் விதி. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (நெட் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி) என்று ஓர் எண் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 முகவரிகள் போதாததால் நெட் கம்பெனி ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற ஏற்பாடு அது. அந்த எண் வரிசை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. சில இடங்களில் அந்த வான் ஐபி 10 என்றும் தொடங்கும். எப்படியானாலும் வெளியிலிருந்து வரும் பாக்கெட் (நெட்டில் போகும் தகவல் துண்டு) கம்பெனியின் கருவியோடு நின்றுவிடும். உங்கள் ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை.

வான் ஐபி 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கேபிள் அண்ணாச்சி வைத்துவிட்டுப் போன ஃபைபர் பெட்டி ஒரு ரவுட்டர், நீங்கள் வாங்கி மாட்டியது இன்னொரு ரவுட்டர். இரண்டில் ஒன்றை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை பார்க்காமல் வெறுமனே கடத்திவிடும் நிலையில்) போடச் சொல்லுங்கள்.

வான் ஐபி சரியாக இருந்தும் சேர முடியவில்லையா? இன்னும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். பாக்கெட் அனுப்ப டிசிபி, யூடிபி என்று இரண்டு முறை உண்டு: போய்ச் சேர்ந்ததா என்று டிசிபி உறுதி செய்யும், யூடிபி செய்யாது. கேம் யூடிபியில் பேசும்போது ரவுட்டரில் டிசிபிக்கு மட்டும் விதி எழுதியிருப்பீர்கள். அல்லது அதே வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே பொது முகவரிக்கு இணைத்துப் பார்த்திருப்பீர்கள். பல ரவுட்டர்கள் அப்படி வெளியே போய்த் திரும்புவதை அனுமதிப்பதில்லை, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். மூன்றாவதுதான் பலரையும் மணிக்கணக்கில் அலைக்கழிப்பது: கேமை முதல்முறை ஓட்டியபோது விண்டோஸ் ஃபயர்வால் கேட்ட கேள்விக்கு கேன்சல் கொடுத்திருப்பீர்கள். அது சும்மா போய்விடாது, அந்தக் கோப்புக்குத் தடை விதி ஒன்றை எழுதி வைத்துவிடும். பிறகு நீங்கள் அனுமதி விதி எத்தனை சேர்த்தாலும் தடை விதிதான் ஜெயிக்கும். இன்பவுண்ட் ரூல்ஸ் பட்டியலில் உங்கள் கேமின் பெயரில் சிவப்புக் குறியோடு இருப்பதை முதலில் அழியுங்கள்.

சிஜிநாட்தான் காரணம் என்றால், நாலைந்து நண்பர்கள் சோதிக்க டெயில்ஸ்கேல் அல்லது ஸீரோடயர் போதும். இரண்டும் எல்லோரையும் ஒரே தனி நெட்வொர்க்குக்குள் கொண்டுவரும், ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். சோதனை முடிந்ததும் அவர்களை நீக்கிவிடுங்கள். காசு கட்டி ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய மாறாத பொது முகவரி) வாங்கலாம். ஆனால் அந்தக் காசுக்கு விபிஎஸ் (வெளியில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) எடுப்பது மேல்.

கே: ரவுட்டர்ல யூபிஎன்பி ஆன்ல வச்சா எல்லாம் தானா திறந்துருமே, அது போதாதா?

அதனால்தான் அதை அணைக்கச் சொல்கிறோம். யூபிஎன்பி பாஸ்வேர்டு கேட்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் எந்த மென்பொருளும் கேட்டவுடன் போர்ட்டைத் திறந்து கொடுக்கும்; கேட்பது உங்கள் கேமா, கிராக் கோப்போடு வந்த திருட்டு நிரலா என்று அதற்குத் தெரியாது. சோதனை நாளில் ஒரே ஒரு போர்ட்டை நீங்களே திறந்து, அன்றைக்கே மூடுங்கள்.

கே: விபிஎஸ் எடுக்கலாம்னா எந்த ஊர்ல, எவ்வளவு பெருசு?

ஃபைபருக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். நெல்லையிலிருந்து சென்னை சுமார் 600 கிலோமீட்டர். போய்வர 6 மில்லிசெகண்டுக்குக் குறைய வழியே இல்லை. நடுவில் இருக்கும் கருவிகளும் நெட் கம்பெனி எடுக்கும் சுற்றுவழியும் அதற்கு மேல் சேரும். பக்கத்தில் இருக்கிறது என்று சென்னையைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் கம்பெனி மும்பை போய்த் திரும்பும் வழியில் அனுப்பினாலும் அனுப்பும். வரைபடத்தை நம்பாமல், ராத்திரி 9 மணி வாக்கில் ஃபைபரிலும் மொபைல் டேட்டாவிலும் பிங் அடித்து (ஒரு பாக்கெட் போய்வரும் நேரத்தை அளந்து) பார்த்து முடிவு செய்யுங்கள். பகல் 11 மணிக்கு எல்லா சர்வரும் வேகமாகத்தான் தெரியும்.

அளவை இப்படிக் கணக்குப் போடலாம். 10 பேர், செகண்டுக்கு 20 முறை, ஒவ்வொரு முறையும் 200 பைட் என்றால் செகண்டுக்கு 40,000 பைட். மணிக்கு 144 எம்பி. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஐபி, யூடிபி தலைப்பு 28 பைட் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரை இல்லாமல் ஓடும் சிறிய 2டி கேம் சர்வருக்கு ஒரு கோர், 1 ஜிபி ராம் தாராளம்.

எடுத்த கையோடு செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடாதீர்கள். புது சர்வர் நெட்டுக்கு வந்த சிறிது நேரத்திலேயே எங்கிருந்தெல்லாமோ பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) சாவிக்கோப்பு வழி மட்டும் வைத்து பாஸ்வேர்டு வழியை மூடுங்கள், ரூட் (முழு அதிகாரம் உள்ள யூசர்) நேரடி லாகினை நிறுத்துங்கள். கேமை ரூட்டாக ஓட்டாமல் தனி யூசரில் ஓட்டுங்கள். கேம் போர்ட், எஸ்எஸ்எச் போர்ட் இரண்டைத் தவிர மற்றவை மூடியிருக்கட்டும். டேட்டாபேஸ் போர்ட் வெளியே தெரிவதுதான் நாம் அதிகம் பார்க்கிற தப்பு.

கே: வீட்டுக்குள்ள வெண்ணெய் மாதிரி ஓடுது. வெளியில போனா பிளேயர் தவ்வித் தவ்விப் போறான். பிங் 40 தான் காட்டுது, பிறகு ஏன்?

40 என்பது சராசரி. ஒரு பாக்கெட் 30-இலும் அடுத்தது 110-இலும் வந்தால் கண்ணுக்குத் தெரிவது அந்த ஏற்றத்தாழ்வுதான். டிசிபியில் ஓட்டுகிறீர்கள் என்றால் இன்னும் மோசம்: ஒரு பாக்கெட் தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் வரிசையில் காத்திருக்கும். இட நகர்வுகளை யூடிபியில் அனுப்புங்கள், தொலைந்தால் விட்டுவிடுங்கள், அடுத்தது வந்துவிடும். சாட், காசு, பொருள் வாங்குவது போன்றவற்றை மட்டும் உறுதி வழியில் அனுப்புங்கள்.

அடுத்தது, வந்த இடத்தில் அப்படியே ஆளைத் தூக்கி வைக்காதீர்கள். செகண்டுக்கு 20 முறை என்றால் இடைவெளி 50 மில்லிசெகண்ட். மற்ற ஆட்டக்காரர்களை 100 மில்லிசெகண்ட் பின்தங்கிய நேரத்தில் காட்டி, இரண்டு நிலைகளுக்கு நடுவே நகர்த்துங்கள். ஒரு பாக்கெட் தொலைந்தாலும் அந்த இடைவெளி சமாளிக்கும். ஒரு பாக்கெட்டை 1,200 பைட்டுக்குள் வைத்தால் வழியில் துண்டாகாது.

இதையெல்லாம் வீட்டு லேனில் சோதித்தால் எதுவும் தெரியாது. விண்டோஸில் கிளம்ஸி, லினக்ஸில் நெட்எம். இரண்டுமே இலவசம். 80 மில்லிசெகண்ட் தாமதமும் 2 சதவீத இழப்பும் கொடுத்து ஒரு வாரம் அதிலேயே வேலை செய்யுங்கள். அப்போதுதான் கேம் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் ஓடும்.

வீட்டில் யாராவது வீடியோ அப்லோடு போடும்போது மட்டும் இழுக்கிறது என்றால் கேமில் குறையில்லை. ரவுட்டரில் அப்லோடு வரிசை நிரம்பி வழிகிறது. அப்லோடு வேகத்தை லைன் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்கு அடக்கி வையுங்கள். முடிந்தால் கேம் மெஷினுக்கு வைஃபையை விட்டுவிட்டு கேபிள் போடுங்கள்.

கே: யாரும் கையை வைக்காம அரை நிமிஷம் இருந்தா கனெக்ஷன் செத்துப்போகுது?

ரவுட்டர் யூடிபி வழியை நினைவில் வைத்திருப்பது கொஞ்ச நேரம்தான், பலவற்றில் 30 செகண்ட். 15 செகண்டுக்கு ஒருமுறை ஒரு சின்ன பாக்கெட் அனுப்புங்கள். சரியாகிவிடும்.

கே: ஒருத்தன் வந்த அன்னைக்கே ஒரு லட்சம் காயின் வச்சிருக்கான். எப்படி?

"என்னிடம் 1,00,000 இருக்கிறது" என்று அவனுடைய மெஷின் சொன்னதை உங்கள் சர்வர் எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். மெமரியில் இருக்கும் எண்ணை மாற்றும் கருவிகள் யார் கையிலும் கிடைக்கும். ஆட்டக்காரர் பக்கத்திலிருந்து வர வேண்டியது "எடுக்கும் பட்டனை அழுத்தினேன்" என்ற செய்தி மட்டும். காயின் அங்கே இருந்ததா, ஆள் அதற்கு எட்டும் தூரத்தில் நின்றாரா, ஏற்கெனவே எடுத்ததா என்று பார்த்துக் கூட்டுவது சர்வரின் சோலி. நகர்வும் அப்படியே: கடந்த நேரத்தை அதிகபட்ச வேகத்தால் பெருக்கி, லேக்குக்காகக் கொஞ்சம் சலுகை வைத்து, அதற்கு மேல் தாண்டியிருந்தால் பழைய இடத்துக்கே திருப்புங்கள்.

பாக்கெட்டில் எழுதியிருக்கும் நீளத்தையும் நம்பக் கூடாது. "இதோ 60,000 பைட் பெயர்" என்று சொல்லி 4 பைட் அனுப்புவான். உங்கள் நிரல் இல்லாத இடத்தைப் படிக்கப் போய் விழும். சாட் கூட ஆபத்தில்லாத இடமல்ல. 2021 டிசம்பரில் வெளியான, லாக்4ஜே என்ற பதிவேடு எழுதும் நிரலின் ஓட்டை மைன்கிராஃப்ட் சர்வர்களில் அப்படித்தான் பயன்பட்டது: சாட்டில் போட்ட ஒரு வரியை சர்வர் தன் பதிவேட்டில் எழுதும்போது, வெளியிலிருந்து நிரலை இழுத்து ஓட்டியது. அப்படி ஒரு சர்வரை வீட்டு மெஷினில் வைத்திருந்தால், அந்த நிரல் ஓடுவது டாலியும் பேங்க் லாகினும் இருக்கிற மெஷினில்.

கே: டேட்டாபேஸ் சாவியை கேமுக்குள்ளயே வச்சு ஏபிகே போட்டுட்டேன். யாரு பிரிச்சுப் பார்க்கப் போறா?

ஏபிகே (ஆண்ட்ராய்டு போனில் கேமை ஏற்றும் கோப்பு) ஒரு ஜிப் கோப்பு. பிரிக்க இரண்டு நிமிடம். கேமுக்குள் எந்த ரகசியச் சாவியும் இருக்கக் கூடாது. கேம் உங்கள் சர்வரிடம் பேச வேண்டும், சர்வர் டேட்டாபேஸிடம் பேச வேண்டும். நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் சாவி ஏறிவிட்டால், கோப்பை அழித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அது அப்படியே கிடக்கும். அந்தச் சாவியை ரத்து செய்து புதுச் சாவி எடுப்பதுதான் முதல் வேலை.

கே: தமிழ்ல பேர் வச்சா சிலருக்கு கேம் நின்னுபோகுது. இங்கிலீஷ் பேர்ல கோளாறு இல்ல.

பெயருக்கு 32 பைட் என்று எல்லை வைத்திருப்பீர்கள். "திருநெல்வேலி" கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் (கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறிக்கும் முறை) 12 குறி, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 36 பைட். 32-இல் வெட்டினால் "திருநெல்வே" முழுதாக நிற்கும், அடுத்த லகரத்தின் 3 பைட்டில் 2 மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அரைகுறை பைட்டைப் படிக்கப் போகும் அடுத்த ஆட்டக்காரரின் கேம் விழுந்துவிடும். பைட் கணக்கில் வெட்டாமல், கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கில் எல்லை வையுங்கள்.

இதிலேயே ஒரு பாதுகாப்புப் பிரச்சினையும் இருக்கிறது. "கொம்பன்" என்ற பெயரில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பார்க்க ஒன்றே, டேட்டாபேஸுக்கு இருவர். அட்மின் பெயரில் போலி வருவது இப்படித்தான். பெயரைச் சேமிக்கும் முன் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே மாதிரி குறியில் எழுதும் யூனிகோடு வடிவம்) மாற்றினால் இது தீரும். ஆனால் "கௌதம்" என்பதை ளகரம் போட்டு "கெளதம்" என்று எழுதுகிறவரை என்எஃப்சி பிடிக்காது. அதற்குத் தனி விதி நீங்களே எழுத வேண்டும்.

எழுத்து பிரிந்து, கொம்பு தப்பான இடத்தில் நிற்கிறது என்றால் அது கேம் இன்ஜினின் (கேம் செய்யும் மென்பொருளின்) எழுத்து வடிவமைப்புக் கோளாறு. கோடாட் 4-இல் தமிழ் சரியாகவே வரும். யூனிட்டியின் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் அப்படியே போட்டால் வராது.

கே: டிஸ்கார்டுல ஒருத்தர் "என் கேமை டெஸ்ட் பண்ணிக் குடுங்க"ன்னு ஜிப் அனுப்பியிருக்கார். ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். இப்போது கேம் செய்கிறவர்களைக் குறிவைத்து வருவது பெரும்பாலும் இதுதான். ஜிப்புக்கு பாஸ்வேர்டு போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆண்டிவைரஸ் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு. அனுப்பியவர் தெரிந்த நண்பராகவும் இருக்கலாம், அவருடைய அக்கவுண்ட் நேற்றே போயிருக்கும்.

அந்தக் கோப்பு திருடுவது பாஸ்வேர்டை மட்டுமல்ல. பிரவுசரில் நீங்கள் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் குக்கீயையும் எடுத்துக்கொண்டு போகும். அது கையில் இருந்தால் ஓடிபி கேட்காமலே ஜிமெயிலுக்குள் நுழையலாம். அதனால்தான் "நான் இரண்டு அடுக்கு போட்டிருந்தேனே, எப்படிப் போச்சு" என்று பலர் கேட்கிறார்கள்.

ஓட்டிவிட்டீர்கள் என்றால்: நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். வேறொரு சுத்தமான போனிலிருந்து முதலில் மெயில், பிறகு பேங்க், பிறகு கிட்ஹப், டிஸ்கார்டு என்ற வரிசையில் பாஸ்வேர்டை மாற்றி, ஒவ்வொன்றிலும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பட்டனை அழுத்துங்கள். அதே மெஷினில் உட்கார்ந்து மாற்றினால் புது பாஸ்வேர்டையும் கையில் கொடுத்தது போல ஆகும். பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்; பணமோ அக்கவுண்டோ போயிருந்தால் மட்டும், அதற்கு முன் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கும் சாட்சிகளை எடுத்து வையுங்கள். ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் போடுங்கள்.

பிறர் கேமைப் பார்த்தே ஆக வேண்டிய வேலை என்றால் விர்ச்சுவல் மெஷின் (உங்கள் மெஷினுக்குள் தனியாக ஓடும் இன்னொரு மெஷின்) வையுங்கள். விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் வசதி ப்ரோ பதிப்பில் உண்டு, ஹோமில் கிடையாது. டெலிகிராமில் வரும் கிராக் இன்ஜின், கிராக் அசெட் எல்லாவற்றுக்கும் இதே பதில். கோடாட், பிளெண்டர் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும்போது அந்த வம்பு எதற்கு?

கே: வீட்டு கம்ப்யூட்டருக்கு ஒரு சாயங்காலத்துல என்னென்ன செஞ்சு முடிக்கலாம்?

ரவுட்டரில் தொடங்குங்கள். அட்மின் பாஸ்வேர்டு வந்தபடியே இருக்கும், மாற்றுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள். பாஸ்வேர்டு அடிக்காமலே வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணையுங்கள்: அதன் 8 இலக்க எண் இரண்டு பாதியாகச் சரிபார்க்கப்படுவதால் 11,000 முயற்சியில் கிடைத்துவிடும் என்பது 2011-லேயே வெளியான விஷயம்.

வைஃபை பாஸ்வேர்டாக வீட்டு மொபைல் நம்பர் வைக்காதீர்கள். நம் பக்கத்தில் பாதி வீட்டில் அதுதான். 6 முதல் 9 வரை தொடங்கும் 10 இலக்கம் மொத்தம் 400 கோடி. நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவன் சில மணி நேரத்தில் முடித்துவிடுவான். சம்பந்தமில்லாத நான்கு ஐந்து சொற்களைக் கோத்து வையுங்கள்.

சிசிடிவி பெட்டி, டிவி, வந்துபோகிறவர் போன் எல்லாம் கெஸ்ட் வைஃபைக்குப் போகட்டும். 2016-இல் மிராய் என்ற நிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, கடையில் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை வைத்துத்தான். அதைச் செய்தவர்களுக்கு மைன்கிராஃப்ட் சர்வர் தொழில் போட்டியும் ஒரு காரணம் என்பது வேடிக்கை.

பிறகு மெஷின். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. 11 ஏறாத பழைய மெஷினில் லினக்ஸ் போட்டாலும் கோடாட் நன்றாகவே ஓடும். தினசரி வேலைக்கு அட்மின் அல்லாத அக்கவுண்ட் ஒன்று, வீட்டார் பேங்க் வேலைக்குத் தனி அக்கவுண்ட் ஒன்று. ரிமோட் டெஸ்க்டாப்பை அணையுங்கள். அதன் 3389 போர்ட்டை வெளியே திறந்து வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு வசதி இருந்தால் நீக்குங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) பரவியது அந்த வழியில்தான், அதற்கான அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தும்.

காசு கொடுத்து ஆண்டிவைரஸ் வேண்டியதில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும், அதைக் குருடாக்காமல் இருந்தால். பில்ட் வேகமாக ஆக வேண்டும் என்று முழு டி டிரைவையும் எக்ஸ்க்ளூஷனில் (ஸ்கேன் செய்ய வேண்டாம் என்ற பட்டியலில்) போட்டு, அதே டிரைவில் டவுன்லோடு ஃபோல்டரையும் வைப்பவர்கள் ஏராளம். இன்ஜின் கேஷ் ஃபோல்டரை மட்டும் போடுங்கள்.

கே: ஏற்கெனவே யாராவது உள்ள இருக்காங்களான்னு எப்படித் தெரியும்?

அந்த எக்ஸ்க்ளூஷன் பட்டியலையே முதலில் திறந்து பாருங்கள். நீங்கள் போடாத ஃபோல்டர் அங்கே இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். உள்ளே வந்த நிரல் முதலில் செய்வது தன்னை அதில் சேர்த்துக்கொள்வது. அடுத்து ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பகுதியில் லிஸனிங் போர்ட்ஸ்: எந்த நிரல் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று தெரியும். கேமை மூடிவிட்டுப் பாருங்கள், உங்களுடையவை மறைந்துவிடும். மிச்சத்தில் பெயர் தெரியாததைத் தேடுங்கள். டாஸ்க் ஷெட்யூலர், ஸ்டார்ட்அப் ஆப்ஸ், ரவுட்டரில் இணைந்திருக்கும் கருவிகள், ஜிமெயிலின் லாகின் வரலாறு ஆகியவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே ஃபேன் இரைந்தால், யாரோ உங்கள் கரண்டில் கிரிப்டோ தோண்டிக்கொண்டிருக்கலாம்.

கே: இடி, கரண்ட் கட் இதுக்கெல்லாம் என்ன செய்ய?

ஃபைபர் இழையில் மின்சாரம் வராது. ஆனால் அந்தப் பெட்டியின் அடாப்டர் வழியாக வரும். மொட்டை மாடி வழியாகப் பக்கத்து வீட்டுக்கு லேன் கேபிள் இழுத்திருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் கழற்றிவிடுங்கள். ஓர் இடியில் இரண்டு வீட்டு மதர்போர்டும் போகும். 600 விஏ யூபிஎஸ் டெஸ்க்டாப்புக்கு 10 நிமிடம் சொச்சம் தாங்கும், சேவ் செய்து அணைக்கப் போதும். ஃபைபர் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியாக வாங்குங்கள். ஆம்பியர் அளவை அடாப்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். கேம் சேவ் கோப்பை நேரடியாக அதன்மேலேயே எழுதாதீர்கள்: தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதி, பிறகு பெயர் மாற்றுங்கள். பாதியில் கரண்ட் போனாலும் பழையது மிஞ்சும்.

பேக்கப் டிஸ்கை எப்போதும் செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். எடுத்ததும் கழற்றி வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்வீட்டு அலமாரிவரை தண்ணீர் வந்த தெருக்கள் உண்டு, ஒரு பிரதி வெளியூரிலோ கிளவுடிலோ இருக்கட்டும். ஏபிகேயை நேரடியாகப் பகிர்கிறவர்கள் கையொப்பக் கீஸ்டோரையும் (கேம் உங்களுடையதுதான் என்று காட்டும் சாவிக்கோப்பு) அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் பழைய கேமின்மேல் அப்டேட் ஏறாது.

கே: கேமில் பந்தயக் காசு வச்சு ஆடுற மாதிரி ஒரு பகுதி போடலாமா?

கூடாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. திறமை ஆட்டம் என்று சொல்லியும் தப்ப முடியாது.

கே: காசு போயிருச்சு, இல்ல அக்கவுண்ட் போயிருச்சு. யாரைக் கூப்பிட?

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பேங்குக்கும் எழுத்தில் கொடுங்கள். மெஷினை ஃபார்மட் செய்யும் அவசரம் வேண்டாம்: வந்த செய்தி, அனுப்பியவரின் ஐடி, அந்த ஜிப், பணம் போன பரிவர்த்தனை எண், சர்வர் பதிவேடு எல்லாவற்றையும் முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அந்தப் பென்டிரைவை வேறெந்த மெஷினிலும் செருகாமல் ஸ்டேஷனில் கொடுங்கள்.